பூனை வாயில் நூல்

சயாமியப் பூனையை ஆசையாக வாங்குபவரிடம் விற்பவர் சொல்ல மறக்கும் விஷயம் ஒன்று உண்டு: அது ஸ்வெட்டரைத் தின்னக்கூடும்.

உணவல்லாத பொருட்களைத் தின்னும் 152 பூனைகளைப் பற்றி பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜான் பிராட்ஷாவும் சகாக்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் பாதிக்கு மேல் சயாமிய இனம். அடுத்த இடம் பர்மிய இனத்துக்கு. கம்பளியைத் தின்றவை 93 சதவீதம். பருத்தி 64, செயற்கை இழை 54, ரப்பர், பிளாஸ்டிக் 22, காகிதம், அட்டை 8 சதவீதம்.

காரணங்கள் பல. பரம்பரைக் குணம் முதல் சந்தேகம். சீக்கிரமே தாயைப் பிரிந்த குட்டி, பால் குடிக்கும் நினைப்பில் துணியைச் சப்புகிறது. நாளெல்லாம் ஃபிளாட்டில் அடைபட்ட சலிப்பு இன்னொன்று. திடீரென மண்ணையோ சுவரையோ நக்கத் தொடங்கினால் ரத்தசோகையாகவும் இருக்கலாம்.

சப்புவதைவிட விழுங்குவதுதான் ஆபத்து. அதிலும் மோசமானது நூல். தையல் நூலோ பூச்சரத்து நூலோ, ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனையைக் குடல் இழுக்கிறது. நாடாவை இழுத்த பாவாடைபோலக் குடல் சுருங்குகிறது. நூல் அதை அறுத்தும் விடலாம்.

எனவே, வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. வாந்தி எடுத்து, சாப்பிடவும் மறுத்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பல சமயம் அறுவை சிகிச்சைதான் வழி.

அடிப்பதில் பயனில்லை. தையல் பெட்டியை மூடி வைப்பது, தினமும் விளையாட்டுக் காட்டுவது, மருத்துவர் யோசனைப்படி நார்ச்சத்து உணவு தருவது ஆகியவை உதவலாம். அதுவரை ஸ்வெட்டருக்குப் பாதுகாப்பு பீரோதான்.