கால் மில்லிமீட்டரில் பறிபோகும் பதக்கம்! ஏர் ரைபிள் அதிசயங்கள்... தெரியுமா?

ஏர் கன் என்றதும் மெரினா மணலில் பலூன் சுடும் கடைதான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். அந்த ஏர் கன்னுக்கும் வடசென்னையில் உள்ள எர்ணாவூரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கும் எத்தனை தொடர்புகள் தெரியுமா? குறைந்த விலை ஏர் ரைபிள்கள் இன்று முன்பைவிட எவ்வளவோ தேறிவிட்டன. அந்த மாற்றம் நடந்த இடம் விரல் நுனி அளவே உள்ள ஒரு பாகம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாருங்கள்!

பலூனில் தொடங்கிய எம்.ஆர்.எஃப்.!

கிரிக்கெட் மட்டையிலும் லாரி டயரிலும் நாம் பார்க்கும் எம்.ஆர்.எஃப். எங்கே பிறந்தது தெரியுமா? எர்ணாவூருக்குப் பக்கத்திலேயே, திருவொற்றியூரில்! 1946-இல் கே.எம்.மாம்மென் மாப்பிள்ளை ஒரு சின்னக் கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். டயருக்கான ரப்பரெல்லாம் பிறகு வந்ததுதான். சுடுவதற்கு முன்னால் ஊத வேண்டிய பலூனை ஒரு காலத்தில் செய்துகொடுத்த ஊர் இது!

புல்லட் வண்டியின் தாய்வீட்டில் துப்பாக்கிப் பாகங்கள்!

திருவொற்றியூரில் 1955-இல் வேர்விட்ட ராயல் என்ஃபீல்டின் சின்னம் பீரங்கி. ஏன் தெரியுமா? இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் இருந்த அந்தக் கம்பெனி, 1890-களில் என்ஃபீல்ட் அரசு ஆயுதத் தொழிற்சாலைக்குத் துப்பாக்கி உதிரிபாகங்கள் செய்து கொடுத்தது. அந்தப் பெருமையில்தான் பெயரும் வந்தது, பீரங்கியும் வந்தது. துப்பாக்கிக்கு வேண்டிய துல்லியம் பழகிய அதே கைகள் சைக்கிளும் செய்தன, பிறகு மோட்டார் சைக்கிளும் செய்தன!

பிஎஸ்ஏ சைக்கிளுக்கு ஏர் ரைபிள் உறவு!

பள்ளிக்கூட நாளில் நம்மில் எத்தனை பேர் பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் மிதித்திருப்போம்! 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், அம்பத்தூரில் செய்த வண்டி அது. பிஎஸ்ஏ என்பது பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனி. மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்தியதுதான் அதன் சின்னம். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தம் 1902-இல் முடிந்து, ராணுவத் துப்பாக்கி ஆர்டர்கள் வற்றிய நேரம். 1905-இல் அந்தக் கம்பெனி லிங்கன் ஜெஃப்ரிஸ் என்பவரின் வடிவமைப்பில் ஏர் ரைபிள் செய்ய இறங்கியது. சாதாரண மனிதர் கைக்கு எட்டுகிற, அதே சமயம் உருப்படியாகச் சுடுகிற ஏர் ரைபிள் வரலாற்றில் அது ஒரு பெரிய திருப்பம். 

குழாய்க் கம்பெனி செய்த ரைபிள்!

இந்தியன் ஹியூம் பைப் கம்பெனி தெரியுமல்லவா? 1926-இல் தொடங்கி, ஊர் ஊராகக் குடிநீருக்கும் சாக்கடைக்கும் கான்கிரீட் குழாய் போட்ட கம்பெனி. அதே கம்பெனிதான் ஐ.எச்.பி. என்ற பெயரில் ஏர் ரைபிளும் செய்தது! அமெரிக்காவின் டெய்ஸி ஏர் கன் கம்பெனியின் கதை இதற்கும் மேல். மிச்சிகனில் காற்றாலை விற்ற கம்பெனி அது. 1880-களின் கடைசியில் காற்றாலை வாங்கிய விவசாயிக்கு ஏர் கன்னை இனாமாகக் கொடுத்தது. இனாம் பிய்த்துக்கொண்டு போனது, காற்றாலை நின்றுவிட்டது! இன்று மகாராஷ்டிரத்தின் பிரெசிஹோல், உலோகத்தில் ஆழமான துளை போடும் இயந்திரங்கள் செய்யும் தொழிலிலிருந்து ஏர் ரைபிளுக்கு வந்திருக்கிறது. நீளமான இரும்பில் கோணாமல் துளை போடத் தெரிந்தவருக்கு நல்ல பேரல் செய்ய அடிப்படை கைவசம் இருக்கிறது. கவனித்தீர்களா? ஏர் ரைபிள் எந்த நாட்டில் வளர்ந்தாலும் லேத் பட்டறையை ஒட்டியே வளர்ந்திருக்கிறது!

காற்றுத் துப்பாக்கியோடு போருக்குப் போன ராணுவம்!

விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். 1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவம் ஜிராண்டோனி என்பவர் செய்த காற்றுத் துப்பாக்கியைப் படையில் சேர்த்தது. ஒரு தடவை குண்டு நிரப்பினால் சுமார் 20 தடவை சுடலாம். புகை கிடையாது, மழையில் மருந்து நனையும் கவலை கிடையாது. ஆனால் காற்றுக் குடுவையை நிரப்ப ஆயிரம் தடவைக்கு மேல் பம்ப் அடிக்க வேண்டும்! 1803-இல் அமெரிக்காவின் மேற்குத் திசையைக் கண்டறியப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் குழுவும் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கூடவே கொண்டுபோனது.

ஒரு ‘டப்’ சத்தத்துக்குள் இரண்டு உதைகள்!

ஸ்பிரிங் வைத்த ஏர் ரைபிளைச் சுடும்போது உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? குழலை மடக்கியதும் தடித்த ஸ்பிரிங் ஒன்று சுருங்கிப் பூட்டிக்கொள்கிறது. டிரிக்கரை அழுத்தியதும் பிஸ்டன் முன்னால் பாய்கிறது, ரைபிள் பின்னால் உதைக்கிறது. அழுந்திய காற்று பிஸ்டனையே திருப்பித் தள்ள, ரைபிள் முன்னால் துள்ளுகிறது. இத்தனை கூத்துக்கும் நடுவில், சுமார் 10 மில்லி விநாடியில், பெல்லட் எனும் சின்னக் குண்டு குழலை விட்டுப் பறந்துவிடுகிறது. கண் ஒரு தடவை இமைப்பதற்கே 100 மில்லி விநாடிக்கு மேல் ஆகும்! சுடுபவர் கையில் லேசான நடுக்கம் இருந்தாலும் இந்த உதை அதைப் பெரிதாக்கிக் காட்டிவிடும். பெல்லட் போடாமல் மட்டும் சுட்டுவிடாதீர்கள். தடுக்கக் காற்றில்லாத பிஸ்டன் நேராகப் போய் இரும்பில் மோதும்.

பத்துப் புள்ளியின் அளவு அரை மில்லிமீட்டர்!

ஒலிம்பிக் ஏர் ரைபிள் போட்டியில் இலக்கு 10 மீட்டர் தூரத்தில் இருக்கும். நடுவில் உள்ள பத்துப் புள்ளியின் குறுக்களவு வெறும் 0.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். ஆக, பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்தைவிட்டு 2.5 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் பத்து கைநழுவிப் போகும். அந்த விலகலுக்குத் துப்பாக்கி எவ்வளவு அசைய வேண்டும் தெரியுமா? ஒரு மீட்டர் நீள ரைபிள் என்றால் குழல் நுனி கால் மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், முடிந்தது கதை! அந்தக் கால் மில்லிமீட்டரைப் பெரும்பாலும் நகர்த்துவது எது? டிரிக்கரை இழுக்கும் உங்கள் விரல்!

ஸ்பிரிங் தடித்தால் டிரிக்கர் கெடும்!

விரல் நுனி அளவே உள்ள பாகம் என்றோமே, அதுதான் டிரிக்கரின் கொக்கி! பழைய மலிவு ரைபிள்கள் பலவற்றில் டிரிக்கர் அமைப்பு மிக எளிது. பிஸ்டன் தண்டில் ஒரு வெட்டு இருக்கும். டிரிக்கரோடு சேர்ந்த கொக்கி அந்த வெட்டை நேராகப் பிடித்திருக்கும். சுருங்கிய ஸ்பிரிங்கின் மொத்த விசையும் அந்தச் சின்ன விளிம்பின் மேல்தான் விழும். அந்த அழுத்தத்தோடு உராய்ந்துகொண்டுதான் கொக்கி நழுவ வேண்டும். அதனால் இழுவை 2, 3 கிலோ என்று எகிறும். ரைபிளின் எடையே 3 கிலோ சொச்சம்தானே? அதே கனத்துக்கு டிரிக்கரை இழுத்தால் துப்பாக்கி அசையாமல் எப்படி இருக்கும்? ‘பவர் வேண்டும்’ என்று இன்னும் தடித்த ஸ்பிரிங் போட்டால், டிரிக்கர் இன்னும் கனக்கும், குறி இன்னும் தவறும். வேகத்துக்கு ஆசைப்பட்டுத் துல்லியத்தை இழந்த ரைபிள்கள் இப்படித்தான் உருவாயின!

இரண்டு கட்டமாக இழுக்கும் மாயம்!

இதற்கு மருந்து கண்டுபிடித்து எழுபது வருடம் ஆகிறது. 1950-களில் ஜெர்மனியின் வைராவ்ஹ் கம்பெனி ‘ரெகார்ட்’ என்ற இரண்டு கட்ட டிரிக்கரைக் கொண்டுவந்தது. கடப்பாரையால் பாறையை நெம்புகிற சூட்சுமம்தான். கொக்கிக்கும் டிரிக்கருக்கும் நடுவே நெம்புகோல்களை வைத்து, ஸ்பிரிங்கின் பெரிய விசையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். விரலுக்கு வந்து சேர்வது மிகச் சிறிய பாரம். அந்தச் சிந்தனை மெல்ல மெல்ல விலை குறைந்த ரைபிள்களுக்கும் இறங்கி வந்ததுதான் நம் காலத்தின் நல்ல செய்தி!

நல்ல இரண்டு கட்ட டிரிக்கரில் விரல் நுனியை வையுங்கள். முதலில் லேசாக, தங்குதடையில்லாமல் பின்னால் வரும். ஓரிடத்தில் முட்டி நிற்கும். அங்கே மூச்சை நிறுத்துங்கள், குறியைச் சரிபாருங்கள். இன்னும் ஒரு பொட்டு அழுத்தம், அவ்வளவுதான், ‘டிக்’! கண்ணாடிச் சில்லு உடைவதைப்போல என்று இதைச் சுடுபவர்கள் சொல்வார்கள். மட்டமான டிரிக்கரிலோ முட்டும் இடமே தெரியாது. ஜரக் ஜரக்கென்று மணல் அரைபடும், எப்போது வெடிக்கும் என்று தெரியாமல் கை முன்கூட்டியே இறுகிவிடும்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? கொக்கியின் முகம் சரியான கோணத்தில் இருக்கிறதா, டெம்பர் சரியாக ஏற்றியிருக்கிறதா, பிசிறு இல்லாமல் வழவழவென்று இருக்கிறதா என்பதில்தான்! முன்பு தகட்டை அச்சில் வெட்டி, அரம் போட்டுச் சமாளித்தார்கள். ஒரு ரைபிள் தங்கம், அடுத்தது தகரம் என்ற கதையாகத்தான் வரும். இன்று கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரம் ஒரே அளவில் ஆயிரம் கொக்கி வெட்டித் தருகிறது. அசோக் லேலண்ட் லாரிக்கும் என்ஃபீல்டுக்கும் பாகம் கடைந்து பழகிய டர்னர், ஃபிட்டர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்பது அவர்கள் தினப்படி பேசும் அளவு!

‘டொய்ங்’ போய் ‘டப்’ வந்தது!

பழைய ரைபிளைச் சுட்டால் காதோரம் ‘டொய்ங்’ என்று கேட்குமே, அது என்ன தெரியுமா? உள்ளே தொளதொளவென்று இருக்கும் ஸ்பிரிங் அதிர்கிற சத்தம். ஸ்பிரிங்கை இறுக்கமாகத் தாங்கும் உள்தண்டு, கொஞ்சம் கெட்டியான கிரீஸ், இரண்டும் சேர்ந்தால் சத்தமும் அடங்கும், அதிர்வும் அடங்கும். பிஸ்டனில் இருந்த தோல் வாஷர் எண்ணெய் வற்றினால் சுருங்கும், வேகம் இறங்கும். இன்றைய செயற்கை வாஷர் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அடைக்கிறது. குழலின் வாய் விளிம்பில் ஒரு துளிப் பிசிறு இருந்தாலும் பெல்லட் வெளியேறும் நொடியில் ஒரு பக்கம் இடறும். அதைச் சீராகக் கடைந்துவிட்டால் பத்துத் துளைகள் ஒரே துளையாக நெருங்கும்!

தங்கம் வெல்லும் ரைபிளுக்கு 8 ஜூல்கூட இல்லை!

நம் நாட்டின் 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஒலிம்பிக் ரைபிளின் சக்தி எவ்வளவு தெரியுமா? அரை கிராம் பெல்லட், விநாடிக்கு சுமார் 175 மீட்டர் வேகம். கணக்குப் போட்டால் 8 ஜூலைத் தொடாது! 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வென்ற தங்கம், இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம், இந்த 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான் வந்தது. இந்தப் போட்டியில் டிரிக்கருக்குக் குறைந்தபட்ச எடை என்று ஒன்று கிடையாது. ஏர் பிஸ்டலுக்கு மட்டும் 500 கிராம் கட்டாயம். 100 கிராமுக்கும் கீழே வைத்துக்கொள்ளும் ரைபிள் வீரர்கள் ஏராளம்!

கடலூர் மகள், சென்னை மகன்!

2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஏர் ரைபிள் வெண்கலம் வென்ற ககன் நாரங் பிறந்தது சென்னையில், 1983-இல். டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக் கண்ட இளவேனில் வாலறிவன் 1999-இல் கடலூரில் பிறந்தவர். 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தங்கம், 2025 ஆசியத் துப்பாக்கிச் சுடும் சாம்பியன்ஷிப்பில் தங்கம்! பாரிஸ் தகுதிச் சுற்றில் 60 ரவைகளில் அவர் எடுத்தது, தசமக் கணக்கில், 630.7 புள்ளிகள். சராசரி 10.5! அதாவது மையத்திலிருந்து ஒன்றேகால் மில்லிமீட்டர் தூரத்துக்குள் விழும் ரவையின் மதிப்பு. அப்படிச் சுட்டும் பத்தாவது இடம்தான். எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. எவ்வளவு நுணுக்கமான விளையாட்டு என்று இதிலிருந்தே புரிகிறதா!

எர்ணாவூர்க் காற்றுக்கு எண்ணெய்தான் கவசம்!

கடற்காற்று வீசும் ஊரில் இரும்பு என்ன பாடுபடும் என்பது நமக்குத் தெரியும். விரல் ரேகை பட்ட இடத்தில்கூடத் துரு ஏறும். ஒவ்வொரு தடவையும் சுட்ட பிறகு, எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்பக்கம் துடையுங்கள். குழலை மடக்கிப் பெல்லட் போடும்போது மறு கையால் குழலை விடாமல் பிடியுங்கள். பூட்டு நழுவினால் விரல் போய்விடும். டிரிக்கர் கனக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்து கொக்கியைத் தேய்க்காதீர்கள். கோணம் ஒரு பொட்டு மாறினால் தட்டிய மாத்திரத்தில் தானே வெடிக்கும். காகம், புறா, கொக்கு எதன் பக்கமும் குழலைத் திருப்பாதீர்கள். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காத்துநிற்பது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த அருமையான கருவி அதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. பயிற்சியாளர் இருக்கும் ரேஞ்சில், காகித இலக்கில் சுடுங்கள்.

பிள்ளைக்கு ஆர்வம் இருந்து, கையில் இருக்கும் காசுக்கு ரைபிள் வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர் முதலில் வேகத்தைச் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு டிரிக்கர் இரண்டு கட்டமா, இழுவையைக் கூட்டிக் குறைக்கத் திருகு உண்டா, உள்ளே இருப்பது உலோகமா பிளாஸ்டிக்கா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ரேஞ்சில் ஐந்து பெல்லட் சுட்டுப் பார்க்க முடியுமானால் சுட்டுப் பார்த்து, ஐந்தும் நெருங்கி விழும் ரைபிளையே எடுங்கள். ஏழைக் குழந்தையின் கைக்கும் நேர்மையான டிரிக்கர் எட்டுகிற காலம் வந்துவிட்டது. அதைக் கேட்டு வாங்குங்கள்!