மண்ணின் தாகத்தை அறிவது எப்படி?

தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு காட்சியைப் பெரும்பாலும் காணலாம். மாடி முகப்பிலே, துணி உலர்த்தும் கொடியின் கீழே, ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி. அதன் அருகே ஒரு துளசி. இடம் இருந்தால் ஒரு மல்லிகை. ஊரிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்றாக அது இருக்குமானால், அதன் மீதுள்ள பற்றைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் அத்தகைய செடிகள் பல நம் கையாலேயே மடிகின்றன. டில்லிக்கு வந்த புதிதில் நாம் ஊர் வழக்கப்படி நாள்தோறும் காலையில் ஒரு செம்பு நீர் வார்த்து வந்தோம். மார்கழிக் குளிரில் செடியின் வளர்ச்சி ஒடுங்கும். அது பருகும் நீரும் குறையும். வெயிலும் மந்தமாதலால் மண் உலர நாட்கள் பல ஆகும். இவற்றை எண்ணாமல் வார்த்த நீர் வேரை அழுகச் செய்தது. இலை மஞ்சளித்தது. நீர் போதவில்லை போலும் என்று எண்ணி மேலும் வார்த்தோம், செடி போயிற்று. நீர் குறைந்தாலும் இலை வாடும், மிகுந்தாலும் வாடும். ஆகவே இலையைப் பார்த்து மட்டும் முடிவு செய்தல் இயலாது. மண்ணைக் கேட்க வேண்டும்.

விரலை மண்ணில் நுழைத்துப் பார்ப்பது நல்ல பழைய முறைதான். ஆனால் விரல் இரண்டு அங்குலத்துக்கு மேல் செல்லாது. கோடை விடுமுறைக்கு நாம் ஊர் செல்லும்போது விரலும் உடன் வந்துவிடும். அவ்விடத்திலே உதவுவது மண்ஈர உணரி என்னும் சிறு கருவியும், அது சொல்வதைப் படித்துக் கணக்கிடும் மைக்ரோகண்ட்ரோலரும் ஆகும்.

இவ்வுணரிகள் இரு வகைப்படும். முதல் வகையில் இரண்டு உலோகக் கால்கள் மண்ணில் ஊன்றியிருக்கும். ஈரமான மண் மின்சாரத்தை எளிதில் கடத்தும். உலர்ந்த மண் தடுக்கும். அத்தடையை அளந்து ஈரத்தை அறிகிறோம். இது விலை மலிவு. ஆனால் இடைவிடாது மின்சாரம் பாய்ந்தால் மின்பகுப்பினால் கால்கள் அரித்துப்போகும். உரம் இட்டபின் மண்ணில் உப்பு மிகுந்து, உள்ளதைவிட அதிக ஈரம் இருப்பதாகவும் இது காட்டும்.

இரண்டாம் வகை, மின்தேக்குத் திறனை அளப்பது. மின்புலத்தை ஏற்கும் இயல்பு பொருளுக்குப் பொருள் வேறுபடும். அதனைக் குறிக்கும் எண் காற்றுக்கு ஏறக்குறைய 1. உலர்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரை. நீருக்கோ ஏறத்தாழ 80. எனவே மண்ணில் சிறிது நீர் சேர்ந்தாலும் இவ்வெண் வெகுவாக உயர்கிறது. இத்தொடர்பை டாப், டேவிஸ், அன்னான் என்னும் மூவர் 1980-ஆம் ஆண்டில் ஒரு சமன்பாடாக வகுத்து வெளியிட்டனர். இவ்வகை உணரியில் உலோகம் மண்ணைத் தொடாமல் மேற்பூச்சுக்குள் மறைந்திருப்பதால் அரிப்பு இல்லை. வீட்டுத் தொட்டிக்கு இதுவே ஏற்றது.

இதனைப் படிக்க, 2005-ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரியா நகரில் தோன்றிய ஆர்டுயினோ பலகையின் ‘ஊனோ’ வகை போதும். டில்லி லஜபத் ராய் மார்க்கெட், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூரு எஸ்.பி. ரோடு போன்ற கடைவீதிகளில் இப்பொருள்கள் கிடைக்கும். உணரியில் மூன்று கம்பிகள் உண்டு. ஒன்றை 5 வோல்ட் முனையிலும், மற்றொன்றை ‘கிரவுண்ட்’ முனையிலும், மூன்றாவதை ‘ஏ0’ என்னும் முனையிலும் இணைக்க வேண்டும். உணரி தரும் மின்னழுத்தத்தை இப்பலகை 0 முதல் 1023 வரையுள்ள ஓர் எண்ணாக மாற்றித் தரும். இவ்வகை உணரியில் மண் உலர உலர எண் ஏறும். நனைய நனைய இறங்கும். பத்து முறை படித்துச் சராசரி எடுப்பது நன்று.

அந்த எண்ணுக்குத் தனியே பொருள் இல்லை. நம் தொட்டி மண்ணைக்கொண்டே அதற்குப் பொருள் கற்பிக்க வேண்டும். முதலில் உணரியைக் காற்றில் பிடித்து எண்ணைக் குறித்துக்கொள்க. அடுத்து, நன்கு உலர்ந்த தொட்டி மண்ணில் ஊன்றிக் குறித்துக்கொள்க. பிறகு நிறைய நீர் வார்த்து, மிகுதி வடிந்தபின் மீண்டும் குறித்துக்கொள்க. உதாரணமாக, காற்றில் 620, உலர்ந்த மண்ணில் 540, நனைந்த மண்ணில் 340 என்று வந்ததாகக் கொள்வோம். உலர்ந்த எண்ணுக்கும் நனைந்த எண்ணுக்கும் இடையே 200. இன்று 440 எனக் காட்டினால், 540-இலிருந்து 100 இறங்கியுள்ளது. ஆகவே ஈரம் 50 சதவீதம். களிமண்ணுக்கு எடுத்த கணக்கு மணலுக்கோ தேங்காய் நார்க் கழிவுக்கோ பொருந்தாது. மண்ணை மாற்றினால் மறுபடியும் அளக்க வேண்டும்.

உணரியை அதில் இட்ட கோடு வரையே ஊன்றுக; மேற்பகுதியிலுள்ள மின்னணு உறுப்புக்கள் நனையலாகாது. சுற்றிலும் மண்ணை அழுத்திவிடுக. இடையே காற்று புகுந்தால் ஈர மண்ணும் உலர்ந்ததாகத் தோன்றும்.

இனி, பம்பு. இதனைப் பலகையின் முனையில் நேரே இணைத்தல் கூடாது. அம்முனை ஏறக்குறைய 20 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்குவது நலமன்று. இடையே ஒரு ‘ரிலே’ வேண்டும்; பம்புக்குத் தனி மின்சாரமும் வேண்டும். ஈரம் 30-க்குக் கீழே இறங்கினால் நீர் விடவும், 60-ஐ எட்டினால் நிறுத்தவும் கட்டளை எழுதலாம்.

இவ்வாறே எழுதி வைத்து ஒரு கோடையில் ஊருக்குப் புறப்பட்டோம். மூன்றாம் நாள் கீழ்வீட்டுப் பஞ்சாபி நண்பர் தொலைபேசியில் அழைத்தார். நம் மாடி முகப்பிலிருந்து அவர் வீட்டில் நீர் ஒழுகிற்றாம். புறாவொன்று உணரியைப் பிடுங்கிப் போட்டிருந்தது. காற்றில் கிடந்த உணரி ‘உலர்ந்தது, உலர்ந்தது’ என்றே சொல்ல, பம்பு தொட்டி நிரம்பியும் நில்லாமல் அண்டா முழுவதையும் இறைத்துவிட்டது. யந்திரத்தின் மேல் குற்றமில்லை. நாம் சொன்னதையே அது செய்தது.

அதன்பின் நான்கு விதிகளைச் சேர்த்தோம். பம்பு ஒருமுறைக்குப் பத்து விநாடிக்கு மேல் ஓடலாகாது. பிறகு நீர் ஊறுவதற்குக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை முறை என்னும் வரம்பும் வேண்டும். எண் 580-ஐக் கடந்தால் உணரி மண்ணில் இல்லை எனக் கருதி நிறுத்திவிட வேண்டும். காற்றின் எண்ணைத் தனியே குறித்துவைத்ததன் பயன் இங்கேதான் விளங்கும்.

இத்தனையும் ஒரு கறிவேப்பிலைச் செடிக்காகவா என்று சிலர் நகைக்கலாம். இம்முறையே வயலுக்கும் உதவுவது. கோயம்புத்தூரிலுள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனம், மண்ணின் ஈரத்தை வண்ண விளக்குகளால் காட்டும் கருவியொன்றை உழவர்களுக்கென உருவாக்கியுள்ளது. நீர் அருகிவரும் இந்நாளில், வேண்டும்போது வேண்டிய அளவே வார்ப்பது பெருநகரத்துக்கும் சிற்றூருக்கும் பொதுவான கடமை. ஊரிலிருந்து திரும்பிக் கதவைத் திறக்கையில், மாடி முகப்பில் அச்செடி பசுமையாக நின்றால், அந்த உழைப்புக்கு அதுவே போதுமான கூலி.