கேட்டாரா, சரிபார்த்தாரா?

இங்கிலாந்தில் மானநஷ்ட வழக்குப் போடுகிறவர், வெளிவந்த செய்தி பொய் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அது உண்மை என்று நிரூபிக்கும் பாரம் பத்திரிகையின் தலையில்தான் விழுகிறது. பெயர் சொல்ல விரும்பாத அதிகாரியை நம்பி எழுதிய செய்தி என்றால், கூண்டில் ஏற்ற சாட்சி கிடைக்காது. முறைகேடுகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள் மூலம்தான் வெளியே வருகின்றன. ‘பொதுநலன்’ என்ற எதிர்வாதம் தேவைப்பட்டது இதனால்தான்.

அதற்கு வழி திறந்தது அயர்லாந்து முன்னாள் பிரதமர் ஆல்பர்ட் ரெனால்ட்ஸ் தொடுத்த வழக்கு. 1994 நவம்பரில் அவர் பதவி விலகியபோது, நாடாளுமன்றத்தை ஏமாற்றினார் என்று லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ எழுதியது. செய்தி உண்மையல்ல என்ற ஜூரிகள், நஷ்டஈடு எதுவும் தரவில்லை. நீதிபதி ஒரு பென்னி கொடுக்கச் சொன்னார். 1999இல் வழக்கு அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபைக்கு வந்தபோது நிக்கல்ஸ் பிரபு பத்து அம்சங்களை அடுக்கினார். குற்றச்சாட்டு எவ்வளவு கடுமையானது, தகவல் யாரிடமிருந்து வந்தது, சரிபார்க்க என்ன செய்தார்கள், சம்பந்தப்பட்டவரிடம் கேட்டார்களா, அவர் தரப்பும் அச்சேறியதா என்பவை அவற்றுள் முக்கியமானவை. பொறுப்போடு நடந்திருந்தால், செய்தியின் உண்மையை நிரூபிக்க முடியாவிட்டாலும் பத்திரிகை தப்பலாம். ஆனால் அந்த வழக்கில் ‘சண்டே டைம்ஸ்’ தப்பவில்லை. ரெனால்ட்ஸ் நாடாளுமன்றத்தில் தந்த விளக்கத்தை அதன் பிரிட்டன் பதிப்பு விட்டுவிட்டிருந்தது. நியாயமான தீர்ப்பு அது.

கீழ்நீதிமன்றங்களோ அந்தப் பத்தையும் தாண்டியே தீரவேண்டிய தடைகளாக்கிவிட்டன. சவூதி நிறுவனம் ஒன்றின் வங்கிக் கணக்குகள் கண்காணிக்கப்படுவதாக 2002இல் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஐரோப்பா’ எழுதியது. பிரசுரத்துக்கு முந்தைய மாலை நிருபர் கருத்துக் கேட்டார், நிறுவனம் ஒரு நாள் அவகாசம் கேட்டது, பத்திரிகை காத்திருக்கவில்லை. ரகசியக் கண்காணிப்பைப் பற்றி நிறுவனத்துக்கே என்ன தெரிந்திருக்கும் என்று கேட்ட பிரபுக்கள் சபை, 2006இல் பத்திரிகையின் பக்கம் நின்றது.

2013ஆம் ஆண்டு மானநஷ்டச் சட்டத்தின் 4ஆவது பிரிவு இந்த எதிர்வாதத்தைச் சட்டமாகவே எழுதியது. விஷயம் பொதுநலன் சார்ந்ததாக இருக்கவேண்டும். வெளியிடுவது பொதுநலனுக்கு உகந்தது என்று வெளியிட்டவர் நம்பியிருக்கவேண்டும். அந்த நம்பிக்கை நியாயமானதாகவும் இருக்கவேண்டும். ஆசிரியரின் தீர்மானத்துக்கு நீதிமன்றம் உரிய இடம் தரவேண்டும். இந்தப் பாதுகாப்பு நிரந்தரமானதல்ல என்பதை தொழிலதிபர் ஆரன் பேங்க்ஸ், பத்திரிகையாளர் கரோல் கேட்வாலடர் மீது தொடுத்த வழக்கு காட்டியது. 2019இல் கேட்வாலடர் பேங்க்ஸைப் பற்றி ஓர் உரையில் பேசியபோது பொதுநலன் வாதம் செல்லுபடியானது. பேங்க்ஸ் சட்டத்தை மீறியதற்கு ஆதாரம் இல்லை என்று 2020இல் பிரிட்டன் தேர்தல் ஆணையம் ஒப்புக்கொண்ட பிறகும் அந்தப் பேச்சு இணையத்தில் தொடர்ந்தது; அந்தக் காலத்துக்கு வாதம் எடுபடவில்லை.

ரெனால்ட்ஸ் தீர்ப்புக்கு ஐந்து ஆண்டு முன்பே, 1994இல், இந்திய உச்ச நீதிமன்றம் இதே திசையில் நடந்திருந்தது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிடுவது தொடர்பான ராஜகோபால் வழக்கு அது. அரசு அலுவலரின் கடமை சார்ந்த செயல்களைப் பற்றி எழுதியவர், நியாயமான அளவு சரிபார்த்தே எழுதினேன் என்று காட்டினால் போதும் என்றது நீதிமன்றம். இது சிவில் வழக்குகளுக்கான பாதுகாப்பு. இந்தியாவில் அவதூறு கிரிமினல் குற்றமும்கூட. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. பாரதிய நியாய சம்ஹிதையின் 356ஆவது பிரிவில் இரண்டாண்டு வரை சிறை இன்றும் இருக்கிறது.