ரோகிணி எவ்வளவு தூரம்?

வடகவுஞ்சிப் பிள்ளைகளே, ராத்திரியில் மலைப்பாதையில் வண்டி வருவதைப் பார்த்திருப்பீர்கள். இருட்டில் விளக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் வரும் பைக்கின் விளக்கும், நாலைந்து கொண்டை ஊசி வளைவுகள் தள்ளி வரும் லாரியின் விளக்கும் ஒரே அளவில் மின்னலாம். எது கிட்டே, எது தொலைவில்? விளக்கின் உண்மையான வெளிச்சம் தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

விண்மீன்களிலும் இதே சிக்கல்தான். அதை அவிழ்க்க ஒரு வழி கண்ட இருவரில் ஒருவர், நம் கொடைக்கானல் அப்சர்வேட்டரியின் இயக்குநராக இருந்த வைணு பாப்பு. 1982 ஆகஸ்ட் 19 அன்று, 55 வயதில் காலமானார்.

அவர் கண்ட வழி என்ன? விண்மீனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், இடையிடையே கறுப்புக் கோடுகள் தெரியும். நம் எலும்பில் இருக்கும் அதே கால்சியம் விண்மீனிலும் உண்டு. ஊதாப் பகுதியில் அது ஒரு கறுப்புக் கோடு போடும். சூரியனிலும், அதைவிட வெப்பம் குறைந்த பல விண்மீன்களிலும், அந்தக் கறுப்புக்கு நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று இருக்கும். ஆலின் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் பாப்புவும் அந்தக் கீற்றின் அகலத்தை ஆராய்ந்தார்கள். அகலம் கூடக் கூட, விண்மீனின் உண்மையான வெளிச்சமும் கூடியிருந்தது! 1957இல் இதை வெளியிட்டார்கள். உண்மை வெளிச்சம் தெரிந்தால், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தோடு ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். இதன் பெயர் ‘வில்சன்–பாப்பு விளைவு’.

1960இல் பாப்பு கொடைக்கானலில் பொறுப்பேற்றார். 1901 முதல் சூரியனைக் கவனித்துவரும் இடம் அது. ஆனால் இரவில் விண்மீன் பார்க்க மேகம் குறைந்த வானம் வேண்டுமே! அவர் தேடிப் பிடித்த இடம், ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். 1968இல் அங்கே முதலில் வைத்த 38 செ.மீ. தொலைநோக்கி, கொடைக்கானல் பட்டறையிலேயே செய்தது. பிறகு 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அதைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

அடுத்து, 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்ய முனைந்தார். அது முடிவதைப் பார்க்க அவர் இல்லை. 1986இல் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். இன்றும் மாணவர்கள் அதில் ஆராய்கிறார்கள்.

மார்கழி மாலையில் கிழக்கே பாருங்கள். கார்த்திகைக் கூட்டத்துக்குக் கீழே செம்மஞ்சளாக மின்னுவது ரோகிணி. கால்சியக் கீற்று உள்ள விண்மீன்களில் அதுவும் ஒன்று. தூரம் ஏறத்தாழ 65 ஒளியாண்டு. அதாவது அதன் ஒளி நம்மை வந்துசேர 65 ஆண்டு ஆகும். இப்போது உங்கள் கண்ணில் படுவது, பாப்பு நம் மலைக்குப் பொறுப்பேற்று வந்த காலத்தை ஒட்டி அங்கிருந்து புறப்பட்ட ஒளி!