புதுப் புத்தகம் வந்தாச்சு, ஆனா ஏன் இன்னும் கைக்கு வரல?

நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வந்திருக்குன்னு கேள்விப்பட்டு ஓடுவோம். "வந்திருக்கு, ஆனா இன்னும் ரெடியாகல"ன்னு பதில் வரும். மேசைக்குப் பின்னாடி அடுக்கி வெச்சிருக்கிறது நம்ம கண்ணுக்கே தெரியும். எடுத்துக் கொடுத்தா என்னன்னு தோணும். அந்த 'ரெடியாகல'ங்கிற வார்த்தைக்குள்ள என்னென்ன வேலை இருக்குன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

முதல்ல சரிபார்ப்பு. பண்டலைப் பிரிச்சதும் பில்லோட ஒப்பிடணும்: தலைப்பு, பதிப்பு, எத்தனை பிரதி. அப்புறம் பக்கங்களைப் புரட்டணும். சில சமயம் பைண்டிங்ல ஒரு ஃபாரமே விட்டுப் போயிருக்கும், இல்லைன்னா தலைகீழா தைச்சிருக்கும். முத்திரை குத்துறதுக்கு முன்னாடியே இதைக் கண்டுபிடிக்கணும். முத்திரை விழுந்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து மாத்துறது கஷ்டம்.

அடுத்தது சேர்க்கைப் பதிவேடு. ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண். ஒரே நாவல் 5 பிரதி வந்தா 5 எண். விலை, பில் எண், தேதி எல்லாம் அந்த வரியில ஏறும். நாளைக்குப் புத்தகம் தொலைஞ்சாலும், கிழிஞ்சு நீக்கினாலும், அதே வரியிலதான் குறிப்பாங்க. பொதுப் பணத்துல வாங்கின பொருளுக்கு இதுதான் கணக்கு.

பிறகு முத்திரை. தலைப்புப் பக்கத்துல குத்துறது எல்லாருக்கும் தெரியும். பல நூலகங்கள்ல 'ரகசியப் பக்கம்'னு ஒண்ணும் உண்டு. உதாரணத்துக்கு 31-ஆம் பக்கம்னு முடிவு பண்ணிட்டா, எல்லாப் புத்தகத்துலயும் அதே பக்கத்துல முத்திரையும் சேர்க்கை எண்ணும் இருக்கும். அட்டையையும் முதல் பக்கத்தையும் யாராவது கிழிச்சுட்டாலும் புத்தகம் யாருடையதுன்னு தெரிஞ்சிடும்.

இனிமேதான் மூளைக்கு வேலை: பகுப்பு எண். உலகத்துல பல நூலகங்கள் பயன்படுத்துற டியூயி தசம முறை 1876-ல் வந்தது. அதுல 800-களில் இலக்கியம். 894.811 வரைக்கும் வந்தா தமிழ் இலக்கியம். அதுக்குப் பக்கத்துல 1 சேர்ந்தா கவிதை, 2 நாடகம், 3 நாவல், சிறுகதை. ஆக, 894.8113 பார்த்தா தமிழ்ப் புனைகதைன்னு புரிஞ்சுக்கலாம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகரா இருந்தப்போ, 1933-ல் கோலன் பகுப்பு முறைன்னு வேற ஒரு முறையையே வெளியிட்டார்.

எண் போடுறதுல சிக்கல் எங்கே வருதுன்னா, பல புத்தகங்களுக்கு ரெண்டு வீடு இருக்கும். பிரியாணி பத்தி ஒரு புத்தகம்னு வெச்சுக்குவோம். சமையல் குறிப்புதான் அதிகம்னா 641.5. சாப்பாட்டுப் பழக்கம், பண்பாடுன்னா 394.1. புத்தகம் ஒண்ணு, ஆனா வேற வேற அலமாரி. தலைப்பை மட்டும் பார்த்து அவசரமா எண் போட்டா, அதைத் தேடுற ஆள் வேற அலமாரியில நின்னுட்டிருப்பார்.

எண்ணுக்குக் கீழே எழுத்தாளர் குறியீடு வரும். இங்கே தமிழுக்கே உரிய தலைவலி உண்டு. 'கி. ராஜநாராயணன்'னு ஒரு அட்டையில, 'கி.ரா.'ன்னு இன்னொரு அட்டையில இருக்கலாம். ஒண்ணை 'கி'யிலும் இன்னொண்ணை 'ரா'விலும் போட்டா, ஒரே எழுத்தாளர் ரெண்டு இடத்துல சிதறிடுவார். கல்கின்னு போடுறதா, இயற்பெயரான கிருஷ்ணமூர்த்தின்னு போடுறதா? எதுவானாலும் ஒரு முடிவு எடுத்து, கடைசி வரைக்கும் அதையே பின்பற்றணும். 'பொன்னியின் செல்வன்' மாதிரி 5 பாகம் இருந்தா பாக எண்ணும் லேபிள்ல வரணும். இல்லைன்னா ஒவ்வொண்ணா உருவிப் பார்க்கணும்.

கடைசியா ஒட்டுற வேலை. முதுகுல எல்லா லேபிளும் ஒரே உயரத்துல இருந்தாத்தான் கண்ணு ஒரே கோட்டுல ஓடும். முதுகு மெலிசா இருந்தா முன்அட்டையோட இடது கீழ் மூலையில ஒட்டுவாங்க. கை பட்டு எழுத்து அழியாம இருக்க மேல கண்ணாடி டேப். பார்கோடு வேற வேலை செய்யுது: அது இந்தப் பிரதி எதுன்னு சொல்லும். முதுகு லேபிள், அது எங்கே நிற்கணும்னு சொல்லும்.

இவ்வளவும் எதுக்கு? லேபிள் தப்பான புத்தகம் தொலைஞ்ச புத்தகத்துக்குச் சமம். கம்ப்யூட்டர்ல 'இருக்கிறது'ன்னு காட்டும், அலமாரியில இருக்காது. நாம திரும்பி வந்துடுவோம். யாரும் திருடல, ஆனா யாருக்கும் கிடைக்கல. ரங்கநாதன் 1931-ல் எழுதின ஐந்து விதிகள்ல நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துங்கிறது. அந்தச் சின்னத் தாள் செய்யுறது அதைத்தான்.

நம்ம பக்கத்துல இருந்து ஒரு உதவி போதும். எடுத்துப் பார்த்த புத்தகம் எந்த இடத்துல இருந்ததுன்னு உறுதியா தெரியலைன்னா, குத்துமதிப்பா எங்கேயாவது செருகாதீங்க. மேசையிலேயே வெச்சுட்டு வாங்க. லேபிளைப் பார்த்து அவங்க சரியான இடத்துல வெச்சிடுவாங்க.