வாசல் தேடி வியாபாரம் – 9
முகதாட்சண்யத்துக்கு வாங்குகிறவர்கள்

டுரியான் துங்கால் வட்டாரத்தில் வீட்டிலிருந்தபடி நேரடி விற்பனை செய்யும் பெண்கள் முதலில் எழுதும் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான். சித்தி, நாத்தனார், கோயில் உபயக்காரர், பழைய தோட்டத்தில் பக்கத்து லயத்தில் இருந்தவர். விற்பது தண்ணீர் வடிகட்டியோ, காப்புறுதியோ, தவணைச் சேலையோ எதுவானாலும் இந்தப் பட்டியல் மாறுவதில்லை. அவர்களும் வாங்கிவிடுகிறார்கள். நம் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே மறுக்க வராது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. முகதாட்சண்யத்துக்கு வாங்கிய பொருள் பெட்டி பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கும். அடுத்த மாதம் கோயிலில் உங்களைக் கண்டால் வாங்கிய அக்கா வேறு வாசல் வழியாகப் போய்விடுவார். ஒரு விற்பனைக்காக ஓர் உறவைச் செலவழித்திருக்கிறீர்கள்.

உறவை வைத்து நம்பிக்கை கேட்பது நமக்குப் புதிதல்ல. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். பால்மரம் வெட்டியவர்களுக்கு வேலையும் போனது, குடியிருந்த வீடும் போனது. அந்த நேரத்தில், 1960இல், அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு ஒன்று 100 வெள்ளி; மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய தோட்டக் கூலிக்கு அந்தப் பத்து வெள்ளியே பெருந்தொகை. வங்கிக் கணக்கே இல்லாதவர்களிடம் போய், கண்ணில் தெரியாத ஒரு பங்கை வாங்கச் சொல்ல வேண்டியிருந்தது.

சம்பந்தன் தோட்டம் தோட்டமாக நேரில் போனார், தமிழில் விளக்கினார். அமைச்சர் என்ற மரியாதை கூட்டத்தைச் சேர்த்திருக்கும். மாதாமாதம் பணம் கட்ட வைத்தது வேறு என்பது என் எண்ணம். சங்கம் விரைவிலேயே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கிக் காட்டியது. கட்டிய காசு மண்ணாகவும் மரமாகவும் கண்முன் நின்றது. ஒரு தோட்டத்தார் கண்டதை அடுத்த தோட்டத்தில் இருந்த மைத்துனரிடம் சொன்னார்கள். அதன் பிறகுதான் உறவு விளம்பரமாக வேலை செய்தது.

அடுத்த அனுபவம் கசப்பானது. 1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் வந்தது. ஏறத்தாழ 66,000 பேர் 10 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்தவர்களும் அவர்களில் உண்டு. 2010இல் பங்குக்கு 80 சென் மட்டுமே விலை பேசப்பட்டபோது பலர் அதையே வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். நம் பெரியவர்கள் இன்றும் படிவத்தைக் கண்டால் தயங்குகிறார்கள் என்றால் அது அறியாமை அல்ல, அனுபவம். நேற்று விற்பனைக்கு வந்த தங்கை, தன் முன்னால் இருப்பவருக்கு அந்த அனுபவம் உண்டு என்று மதித்துத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

எப்படித் தொடங்குவது? என் பதில் கணக்கிலிருந்து. மளிகைக் கடைகளில் கடன் எழுதிய சின்ன 555 புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். எழுதியதை வாங்கியவரும் பார்க்க முடிந்தது. அதனால்தான் சம்பள நாளில் சண்டை குறைவு. சித்தியானாலும் ரசீது கொடுங்கள். தவணைப் பணம் வாங்கும்போது அவர் கண்ணெதிரே எழுதுங்கள்.

அடுத்தது சட்டம். 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம், வீடு தேடி வந்து செய்த ஒப்பந்தத்திலிருந்து 10 வேலை நாள்களுக்குள் விலக வாடிக்கையாளருக்கு உரிமை தருகிறது. பல விற்பனையாளர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், சொன்னால் வியாபாரம் கெடும் என்ற பயம். நான் பார்த்தவரை நேர்மாறாகத்தான் நடக்கிறது. “வேண்டாம்னா பத்து வேலை நாளைக்குள்ள சொல்லுங்கக்கா, திருப்பி எடுத்துக்கிறேன்” என்று முதலிலேயே சொல்பவரிடம் தயக்கம் பாதி குறைந்துவிடுகிறது. மறுக்க வழி இருப்பது தெரிந்தால்தான் ஒருவர் மனம்விட்டுச் சம்மதிப்பார்.

இன்னொன்று, கொஞ்சம் கடினமானது. வருமானம் போதாத வீட்டில் விற்காமல் எழுந்து வாருங்கள். நான்கு பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருப்பவருக்கு 2,000 ரிங்கிட் வடிகட்டி இப்போது தேவையில்லை என்றால் அதை நீங்களே சொல்லுங்கள். நிறுவனத்தின் மாத இலக்கு உங்களுடையது, அவருடையது அல்ல.

இந்த வாரம் உங்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன் வாங்கியவர்களில் யாரிடம் “பொருள் எப்படி இருக்கு?” என்று இன்னும் கேட்கவில்லையோ, புதிதாக ஒரு வாசலைத் தட்டும் முன் அவர்கள் வீட்டுக்குப் போய் வாருங்கள்.