பல்லைப் பிடித்துப் பார்ப்போம்!

பி.எஸ்ஸி. (விலங்கியல்), இரண்டாம் ஆண்டு

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நம் முன்னோர் மொழி. எங்கள் வீட்டுக்குத் தானமாக ஒரு மாடும் வந்ததில்லை. ஆகவே என் தந்தையார் வாங்கிய ஒவ்வொரு மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்த்தே வாங்கினார். சந்தையில் அவர் மாட்டின் வாயைத் திறக்கும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது சிறு வயது முதல் என் வேலை. ஆனால் ஒருநாளும் நான் அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்ததில்லை.

அதன் பலனைச் சென்ற பருவத்தில் வகுப்பறையில் அனுபவித்தேன். பாலூட்டிகள் பற்றிய பாடம். “பசுவின் மேல்தாடையில் முன்பற்கள் எத்தனை?” என்று பேராசிரியர் கேட்டார். வகுப்பில் மௌனம். தொழுவத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன் என்ற தைரியத்தில் நான் எழுந்து, “எட்டு, ஐயா” என்றேன். அவர் கோபிக்கவில்லை. “மாலையில் வீட்டுக்குப் போய் மாட்டையே கேட்டுப் பார்” என்றார்.

அன்று மாலை கேட்டேன். எங்கள் செவலைப் பசுவின் உதட்டை அப்பா தூக்கிக் காட்டினார். மேலே முன்புறத்தில் ஒரு பல்கூட இல்லை. தடித்த ஈறு மட்டுமே இருந்தது. எட்டுப் பற்களும் கீழ்த்தாடையில் இருந்தன. “ஏஞ் சாமி, இதுகூடத் தெரியாமயா காலேசுக்குப் போற?” என்று அப்பா சிரித்தார். அவர் பள்ளிக்கூடமே போகாதவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் நான். அன்றைய வெட்கத்தால் நூலகத்தில் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

இரண்டே முறை

முதலையின் வாயைப் பாருங்கள். பற்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான கூம்புகள். இரையைப் பிடிக்கவும் கிழிக்கவும் அவை போதும், முதலை மெல்லுவதில்லை. ஒரு பல் விழுந்தால் அந்த இடத்தில் மற்றொன்று முளைக்கும். வாழ்நாளில் இப்படிப் பலமுறை நடக்கும். பாலூட்டிகளாகிய நமக்கோ பால் பற்கள் ஒருமுறை, நிலைப்பற்கள் ஒருமுறை, அவ்வளவுதான். அப்படியானால் முதலையல்லவா அதிர்ஷ்டசாலி?

விடை மெல்லுவதில் இருக்கிறது. பாலூட்டிகள் வெப்ப இரத்த உயிரினங்கள். உடல் வெப்பத்தைக் காக்க அவற்றுக்கு நிறைய உணவு வேண்டும்; அந்த உணவு விரைவில் செரிக்கவும் வேண்டும். அதற்கு வாயிலேயே உணவை அரைத்தாக வேண்டும். அரைக்க வேண்டுமானால் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்த வேண்டும். திருகையின் மேற்கல்லை மாதம் ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்தால் அது கீழ்க்கல்லோடு எப்படிப் பொருந்தும்? பொருத்தம் வேண்டிப் பாலூட்டி இனம் கொடுத்த விலையே, மீண்டும் மீண்டும் பல் முளைக்கும் வரத்தை இழந்தது.

இதில் தாய்ப்பாலுக்கும் பங்கு உண்டு. முதலைக் குஞ்சு பிறந்தவுடனே இரை பிடித்தாக வேண்டும். சிறு தாடைக்குச் சிறு பல், தாடை வளர வளரப் பெரிய பல் என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். பாலூட்டியின் குட்டி பால் குடித்து வளரும் காலத்தில் தாடையும் வளர்ந்துவிடுகிறது. ஆகவே சிறியதாக ஒரு தொகுதி, பெரியதாக ஒரு தொகுதி போதுமானதாகிறது. பின் கடைவாய்ப் பற்கள் தாடை நீண்டு இடம் கிடைத்த பிறகு ஒரே ஒருமுறை முளைக்கின்றன.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த திரினாக்ஸோடான் என்னும் விலங்கின் புதைபடிவங்கள் தென்னாப்பிரிக்காவில் கிடைத்துள்ளன. பாலூட்டிகளின் முன்னோர் வழியைச் சேர்ந்த அதற்கு முன்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் என்ற வேறுபாடு வந்துவிட்டது. ஆனால் பற்கள் பலமுறை விழுந்து முளைத்தன. வேல்ஸ் நாட்டுப் பாறை இடுக்குகளில் கிடைத்த மார்கனுகோடான் சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. சுண்டெலியைப் போன்ற சிறு பிராணி. அதன் கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும் பொருந்தித் தேய்ந்திருக்கின்றன. பல் மாற்றமும் ஒருமுறைதான்.

உரலும் உலக்கையும்

அடுத்த முன்னேற்றம் கடைவாய்ப் பல்லின் அமைப்பில் ஏற்பட்டது. இவ்வமைப்புக்கு டிரைபோஸ்ஃபெனிக் என்ற பெயரை 1936இல் சூட்டியவர் அமெரிக்கத் தொல்லுயிரியல் அறிஞர் ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன். தேய்த்தல், ஆப்பு என்ற பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து அப்பெயர் பிறந்தது. மேற்பல்லில் மூன்று முகடுகள் முக்கோணமாக நிற்கின்றன. அவற்றுள் உட்புற முகடு, கீழ்ப்பல்லின் பின்பகுதியில் உள்ள குழிக்குள் வந்து இறங்குகிறது. குழி உரல், முகடு உலக்கை. அதே நேரத்தில் பற்களின் ஓரங்கள் ஒன்றையொன்று உரசிச் சென்று கத்தரிக்கோலைப் போல வெட்டுகின்றன. பூச்சிகளைத் தின்ற சிறு பிராணிகளிடம் தோன்றிய இந்த அச்சிலிருந்தே பூனையின் பல், பசுவின் பல், நம்முடைய பல் ஆகிய அனைத்தும் வார்க்கப்பட்டன.

உணவுக்கேற்ற பல்

பாலூட்டிகளின் பற்கள் வெட்டும் பற்கள், கோரைப் பற்கள், முன் கடைவாய்ப் பற்கள், பின் கடைவாய்ப் பற்கள் என நான்கு வகைப்படும். நஞ்சுக்கொடியுடைய பாலூட்டிகளில் தாடையின் ஒரு பாதிக்கு முறையே 3, 1, 4, 3 என்பது மூலக் கணக்கு. மொத்தம் 44. பன்றி இன்றும் இந்த 44ஐ வைத்திருக்கிறது. நாய்க்கு 42, மனிதனுக்கு 32, பூனைக்கு 30, எலிக்கு 16. உணவுக்கு ஏற்பச் சில பற்கள் மறைந்தன, எஞ்சியவை உருமாறின.

பூனைக்குக் கடைவாயில் மேலே ஒரு பல்லும் கீழே ஒரு பல்லும் இறைச்சி வெட்டும் கத்திகளாக மாறியுள்ளன. அதனால்தான் அது தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் கடிக்கிறது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளருபவை. அவற்றின் முன்பக்கத்தில் மட்டுமே கடினமான எனாமல் உண்டு. பின்பக்கத்து டென்டைன் மென்மையானதால் விரைவில் தேய்கிறது. ஆகவே கடிக்கக் கடிக்கப் பல் உளியைப் போலக் கூர்மையாகிறது.

பசு நாக்கால் புல்லை வளைத்து இழுத்து, கீழ்ப் பற்களை மேல் ஈறோடு அழுத்தி அறுக்கிறது. அரைக்கும் வேலை முழுவதும் கடைவாயில்தான். அங்குள்ள பற்களில் எனாமல் பிறை வடிவ வரம்புகளாக நிற்கிறது. இடையில் உள்ள டென்டைன் அதைவிட விரைவாகத் தேய்ந்து பள்ளமாகிறது. தேய்ந்த அம்மியை நாம் கொத்த வேண்டியிருக்கிறது. பசுவின் அம்மி தன்னைத் தானே கொத்திக்கொள்கிறது.

புல் மென்மையானதாகத் தோன்றினாலும் அதில் சிலிக்கா என்னும் மணற்சத்து உண்டு, மண்ணும் ஒட்டியிருக்கும். இதைச் சமாளித்த வரலாறு குதிரையின் புதைபடிவங்களில் தெளிவாகத் தெரிகிறது. சுமார் 5½ கோடி ஆண்டுகளுக்கு முன் இலை தின்ற சிறு குதிரைகளின் பற்கள் குட்டையானவை. வட அமெரிக்காவில் புல்வெளிகள் பரவியபின், சுமார் 1½ கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெரிகிப்பஸ் என்னும் குதிரைக்கு உயரமான பற்கள் இருந்தன. அத்தகைய பல்லின் பெரும்பகுதி ஈறுக்குள் சேமிப்பாக இருக்கும். மேலே தேயத் தேயக் கீழிருந்து எழும்பும். மாட்டுக்கும் அப்படியே. ஆனால் எந்தச் சேமிப்பும் ஒருநாள் தீரும்.

செவலையின் பல்

யானையின் தந்தங்கள் மேல்தாடையின் வெட்டும் பற்களே. அதன் கடைவாய்ப் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னாலிருந்து முன்னோக்கி நகர்ந்து வருகின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் ஆறுதான். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் எதிரே பசுமைக்காடு இருந்தாலும் யானையால் மென்று உண்ண இயலாது.

இதைப் படித்த இரவு எனக்குச் செவலையின் நினைவு வந்தது. ஓராண்டாக அது மெலிந்துகொண்டே வந்தது. குடற்புழு மருந்து கொடுத்தோம். அம்மா திருஷ்டி கழித்தார். தரகர் இருமுறை வந்து அடிமாட்டு விலை கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை தொழுவத்தில் பார்த்தேன். அதன் காலடியில் பாதி மென்ற புல் உருண்டைகள் கிடந்தன. அப்பாவிடம் காட்டினேன். “முன்பல்லு தேஞ்சு ஆணியாட்டம் ஆனது எனக்குத் தெரியும். கடவாயில என்ன இருக்குதுன்னு யாரு கண்டா?” என்றார். கால்நடை மருத்துவர் வந்து, கடைவாய்ப் பற்களும் தேய்ந்துவிட்டன என்று உறுதி செய்தார். அன்று முதல் புல்லைப் பொடியாக நறுக்கி, ஊறவைத்த பிண்ணாக்கும் தவிடும் கலந்து தருகிறோம். செவலை கொழுத்துவிடவில்லை. ஆனால் மெலிவது நின்றிருக்கிறது. மூன்றாம் முறை வந்த தரகரை அப்பா திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்பாவின் கணக்குப்படி இரண்டு பல் மாடு என்றால் ஏறக்குறைய இரண்டு வயது. எட்டுப் பல்லும் மாறியது என்றால் நான்கு வயதுக்கு மேல். நாட்டு மாட்டுக்குச் சற்றுத் தாமதமாகும். பாடநூலும் இதையே கூறுகிறது. ஒன்றில் மட்டும் வேறுபாடு. நூலின்படி அந்த எட்டில் வெட்டும் பற்கள் ஆறுதான். இரு ஓரங்களிலும் நிற்பவை வெட்டும் பல்லின் வடிவத்தை ஏற்றுக்கொண்ட கோரைப் பற்கள். இதை நான் சொன்னபோது அப்பா செவலையின் உதட்டைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். “அப்ப நாப்பது வருசமா கோரப் பல்லையும் சேத்துத்தான் எண்ணிட்டிருந்தனா?” என்றார். வகுப்பில் நான் எட்டு என்று சொன்ன கதையை அன்றுதான் அவரிடம் கூறினேன்.

நண்பர்களே! நமக்குப் பால் பற்கள் 20, நிலைப்பற்கள் 32. எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், இழந்த எனாமல் மீண்டும் வளராது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவான அந்த உரலையும் உலக்கையையும் நாளும் இருவேளை துலக்கிக் காப்போம். உங்கள் வீட்டில் ஆடோ மாடோ இருந்தால், அடுத்த விடுமுறையில் அதன் உதட்டை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.